"டீச்சர், என் பக்கம் வரல": வகுப்பில் வெப்சைட் செய்யும்போது வரும் சிக்கல்களும் தீர்வுகளும்

ஒரு பீரியட் நேரம். கூகுள் சைட்ஸோ வேர்ட்பிரஸ்ஸோ விக்ஸோ, ஏதோ ஓர் இலவசக் கருவியைத் திறந்து, பிள்ளைகளை ஆளுக்கொரு பக்கம் செய்யச் சொல்லியிருக்கிறீர்கள். முந்தின இரவு வீட்டில் செய்து பார்த்தபோது எல்லாம் சரியாக வந்தது. வகுப்பில் பத்தாவது நிமிடத்தில் ஆறு கைகள் உயர்கின்றன. ஒருத்திக்கு லாகின் ஆகவில்லை, ஒருவனுக்குப் படம் தெரியவில்லை, இன்னொருவன் எழுதியதெல்லாம் காணோம். அந்த நேரத்தில் உதவிப் பக்கத்தைத் தேடிப் படிக்க யாராலும் முடியாது. அதனால் பிள்ளைகள் சொல்லும் புகாரையே தலைப்பாக வைத்து, எங்கே பார்க்க வேண்டும், எதைச் சரிசெய்ய வேண்டும் என்று எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒன்று. வகுப்பில் நான் பார்த்த சிக்கல்களில் பெரும்பாலானவை கருவியின் கோளாறால் வந்தவை அல்ல. ஆசிரியர் பார்க்கும் பக்கம் வேறு, மாணவர் பார்க்கும் பக்கம் வேறு, லாகின் செய்யாத வெளியாள் பார்க்கும் பக்கம் வேறு. இந்த வேறுபாட்டை மறந்துவிடுகிறோம், அவ்வளவுதான். ஆகவே எந்தப் புகார் வந்தாலும் முதலில் மூன்று பேர் கண்ணாலும் பாருங்கள்: உங்கள் கணக்கில், ஒரு மாணவர் கணக்கில், எந்தக் கணக்கும் இல்லாமல். மூன்றாவதற்கு பிரவுசரின் தனிப்பட்ட சாளரம் போதும். குரோமில் கன்ட்ரோல், ஷிஃப்ட், என் ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும். ஃபயர்ஃபாக்ஸில் என்-னுக்குப் பதில் பி. மூன்றில் எங்கே தெரிகிறது, எங்கே தெரியவில்லை என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

"லாகின் ஆகல"

முதலில் விசைப்பலகையைப் பாருங்கள். பாஸ்வேர்டு பெட்டியில் எழுத்துகள் புள்ளிகளாக மறைந்திருக்கும். முந்தைய வகுப்பில் தமிழ்99 விசைப்பலகையை இயக்கிவிட்டுப் போயிருந்தால், பிள்ளை ஆங்கிலம் என்று நினைத்து அடிப்பதெல்லாம் தமிழாகப் போகும், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. கண் படத்தை அழுத்திப் பாஸ்வேர்டைக் காட்டச் சொன்னால் உடனே புரிந்துவிடும். கேப்ஸ் லாக்கையும் அப்படியே பார்த்துவிடலாம்.

அதுவும் சரி என்றால், அந்தக் கணினியில் ஏற்கெனவே வேறொருவர் லாகின் ஆகியிருக்கிறாரா என்று பாருங்கள். ஆய்வகக் கணினிகளில் இது அன்றாடம் நடப்பது. கூகுளில் ஒரே பிரவுசரில் இரண்டு கணக்குகள் இருந்தால், முதலில் நுழைந்த கணக்கைத்தான் அது இயல்பான கணக்காக எடுத்துக்கொள்ளும். நீங்கள் அனுப்பிய லிங்கை மாணவி அழுத்துவாள். அது போன பீரியட் மாணவனின் பெயரில் திறந்து, "அனுமதி இல்லை, அனுமதி கேளுங்கள்" என்று சொல்லும். வலது மேல் மூலையில் இருக்கும் வட்டத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்கும் பழக்கத்தை முதல் வகுப்பிலேயே கற்றுக்கொடுங்கள். எல்லாக் கணக்கிலிருந்தும் வெளியேறி மறுபடி நுழைந்தால் சரியாகும். வகுப்பு முடியும்போது வெளியேறச் சொல்வது இன்னும் நல்லது.

வகுப்பிலேயே புதுக் கணக்கு தொடங்கச் சொல்லியிருந்தால் வேறொரு சுவரில் முட்டுவீர்கள். பள்ளியின் கணினிகள் எல்லாம் பெரும்பாலும் ஒரே இணைய முகவரி வழியாகத்தான் வெளியே போகின்றன. ஐந்து நிமிடத்துக்குள் ஒரே முகவரியிலிருந்து முப்பது புதுக் கணக்குகள் வந்தால், இயந்திரம்தான் கணக்குகளை உருவாக்குகிறது என்று நிறுவனத்தின் பாதுகாப்பு அமைப்பு சந்தேகப்படும். படப் புதிர் கேட்கும், தொலைபேசி எண் கேட்கும். உங்கள் எண்ணையே எல்லோருக்கும் கொடுத்தால், சில கணக்குகளுக்குப் பிறகு அந்த எண்ணை ஏற்க மறுக்கும். காத்திருந்தாலும் அந்தப் பீரியடுக்குள் தீராது. பதிவு செய்வதை வகுப்பில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

வயதையும் இங்கேயே பார்த்துவிட வேண்டும். 13 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் தாமாகக் கணக்கு தொடங்கப் பல நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை. அமெரிக்காவில் 1998இல் வந்த குழந்தைகள் இணையத் தனியுரிமைச் சட்டம் வைத்த எல்லை அது. ஐரோப்பிய ஒன்றியத்தில் நாட்டுக்கு நாடு 13 முதல் 16 வரை மாறும். பிறந்த ஆண்டை மாற்றிப் போடச் சொல்லும் ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பொய்யான வயதில் திறந்த கணக்கை நிறுவனம் பின்னால் முடக்கினால் பிள்ளையின் வேலையும் அதோடு போகும். அதைவிட, ஆசிரியரே பொய் சொல்லச் சொன்னார் என்பது பிள்ளையின் மனதில் தங்கிவிடும். பள்ளியே நிர்வகிக்கும் கல்விக் கணக்குகள் இருந்தால் அவற்றைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் ஒரே தளத்தை உங்கள் பெயரில் திறந்து, பிள்ளைகள் எழுதித் தருவதை நீங்கள் ஏற்றுங்கள். சின்ன வகுப்புகளுக்கு எனக்கு இதுதான் சரியென்று படுகிறது.

"உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று ஒரே ஒரு கணினி மட்டும் எல்லாத் தளங்களுக்கும் சொன்னால், அதன் தேதியைப் பாருங்கள். தாய்ப்பலகையில் இருக்கும் காசு வடிவ மின்கலம் தீர்ந்துபோனால், ஒவ்வொரு முறை மின்சாரத்தை நிறுத்தும்போதும் கடிகாரம் பல ஆண்டு பின்னால் போய்விடும். தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை என்று பிரவுசர் நினைத்துக்கொள்ளும். தேதியைத் திருத்தினால் அன்றைக்கு ஓடும். பல கணினிகளில் சிஆர்2032 என்ற மின்கலம்தான் இருக்கும். அதை மாற்றினால் தேதி மறுபடி பின்னால் போகாது.

"வெள்ளையாவே இருக்கு"

லாகின் ஆகிவிட்டது, ஆனால் திருத்தும் பலகை வரவில்லை. வெறும் வெள்ளைத் திரை, அல்லது சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டம். எல்லாக் கணினியிலும் இப்படியென்றால் சந்தேகம் பள்ளியின் இணைய வடிகட்டி மேல்தான். பக்கத்தைக் காட்டும் முகவரியை அந்த வடிகட்டி அனுமதித்திருக்கலாம். ஆனால் திருத்தும் பலகைக்குத் தேவையான நிரல்களும் எழுத்துருக்களும் படங்களும் வேறு வேறு முகவரிகளிலிருந்து வரும். அவற்றில் ஒன்றை மறித்தாலும் பலகை எழாது. சோதிக்க ஒரு நிமிடம் போதும்: உங்கள் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் ஒரு கணினியை இணைத்துப் பாருங்கள். அங்கே வந்தால் வடிகட்டிதான் காரணம்.

"வெப்சைட் வரல" என்று சொன்னால் வலையமைப்பைப் பார்த்துக்கொள்பவரால் ஒன்றும் செய்ய முடியாது. எஃப்12 விசையை அழுத்தி, நெட்வொர்க் பகுதியைத் திறந்து, பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். சிவப்பாக வரும் வரிகளில் மறிக்கப்பட்ட முகவரிகள் இருக்கும். அந்தப் பட்டியலை அப்படியே படம் எடுத்து அனுப்பினால் அவர் விரைவில் திறந்துவிடுவார். நான் முதல் ஆண்டு முழுக்க வெறும் புகார் மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தேன். பட்டியல் அனுப்பிய அன்றே வேலை நடந்தது.

சில கணினிகளில் மட்டும் வெள்ளையாக இருந்தால் பிரவுசர் பழையதாக இருக்கலாம். விண்டோஸ் 7 ஓடும் கணினிகளில் குரோம் 109ஆம் பதிப்போடு நின்றுவிடுகிறது, அதற்குமேல் புதுப்பிக்க முடியாது. இழுத்து வைத்துக் கட்டும் கருவிகள் பிரவுசர் புதியதாக இருந்தால்தான் நன்றாக ஓடும். அந்தக் கணினிகளை எழுதவும் படம் சீராக்கவும் ஒதுக்கிவிட்டு, கட்டும் வேலையை மற்றவற்றில் செய்யலாம். விளம்பரத் தடுப்பான் போட்டிருந்தால் அதை நிறுத்திப் பாருங்கள்.

"எனக்குத் தெரியுது, அவங்களுக்குத் தெரியல"

எல்லாவற்றிலும் அதிகம் வரும் புகார் இதுதான். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் காட்டலாம் என்று ஆசையோடு போன பிள்ளை மறுநாள் வாடிய முகத்தோடு வந்து சொல்லும். காரணங்கள் பல, வரிசையாகப் பாருங்கள்.

முதலில், பிள்ளை அனுப்பியது எந்த லிங்க்? முகவரிப் பட்டையில் இருப்பதை அப்படியே எடுத்து அனுப்பியிருந்தால் அது திருத்தும் பலகையின் முகவரியாக இருக்கும். திருத்தும் அனுமதி இல்லாத யாராலும் அதைத் திறக்க முடியாது. கூகுள் சைட்ஸில் திருத்தும் முகவரியின் வால் பகுதியில் "எடிட்" என்ற ஆங்கிலச் சொல் இருக்கும். மேலே இருக்கும் சங்கிலி வளையப் பொத்தானை அழுத்தினால் வெளியிட்ட பக்கத்தின் முகவரி கிடைக்கும். அதை அனுப்ப வேண்டும்.

இரண்டாவது, வெளியிட்டார்களா? பல கருவிகளில் எழுதியது தானாகச் சேமிக்கப்படும். அந்த வசதியே பிள்ளைகளைக் குழப்புகிறது. சேமிப்பு வேறு, வெளியிடுவது வேறு. சைட்ஸில் ஒருமுறை பப்ளிஷ் அழுத்தியபின் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் மறுபடி பப்ளிஷ் அழுத்த வேண்டும். இல்லையென்றால் வெளியில் பழைய பக்கமே நிற்கும். வேர்ட்பிரஸ்.காமில் புதுத் தளம் "விரைவில் வருகிறது" என்ற நிலையில்தான் பிறக்கும். லாஞ்ச் அழுத்தும்வரை வெளியாட்களுக்கு அந்த அறிவிப்பு மட்டுமே தெரியும். உள்ளே எத்தனை பக்கங்களை வெளியிட்டிருந்தாலும் இதுதான் நிலை.

மூன்றாவது, யாருக்கு வெளியிட்டார்கள்? சைட்ஸில் பகிர்வு அமைப்பு இரண்டு அடுக்காக இருக்கிறது. வரைவை யார் திருத்தலாம் என்பது ஒன்று. வெளியிட்ட தளத்தை யார் பார்க்கலாம் என்பது இன்னொன்று. பகிர்வுப் பெட்டியில் இரண்டும் தனித்தனி வரிகளாக இருக்கும். இரண்டாவது வரி பள்ளிக்குள் மட்டும் என்று இருந்தால் அம்மாவின் கைபேசியில் திறக்காது. அதை மாற்றும் வசதியே மங்கிக் கிடந்தால், பள்ளியின் நிர்வாகி அதைப் பூட்டி வைத்திருக்கிறார் என்று பொருள். மாணவர் கணக்குகளில் இப்படிப் பூட்டி வைப்பது சரியான முடிவுதான் என்பேன். பெற்றோர் பார்க்க வேண்டுமென்றால் பிள்ளைகளின் வேலையை ஆசிரியர் கணக்கில் இருக்கும் ஒரு தளத்துக்கு மாற்றி, அங்கிருந்து வெளியிடுங்கள்.

நான்காவது, பக்கம் திறக்கிறது, ஆனால் நடுவில் ஒரு சாம்பல் கட்டம் மட்டும் இருக்கிறது. கூகுள் டிரைவிலிருந்து ஒரு ஆவணத்தையோ படக்காட்சியையோ பக்கத்தில் பதித்திருப்பார்கள். தளத்துக்கு அனுமதி கொடுத்தால் அதில் பதித்த கோப்புக்கும் அனுமதி வந்துவிடாது. கோப்பின் பகிர்வைத் தனியாக மாற்ற வேண்டும். செய்த பிள்ளைக்கு அது தன் சொந்தக் கோப்பு என்பதால் எப்போதும் தெரியும், குறையே கண்ணில் படாது. தனிப்பட்ட சாளரத்தில் பார்க்கும் பழக்கம் இருந்தால் வீட்டுக்குப் போகும் முன்பே கண்டுபிடித்துவிடலாம்.

இத்தனையும் சரி, ஆனாலும் பழைய பக்கமே வருகிறதென்றால் பிரவுசர் நினைவில் வைத்திருக்கும் பிரதியைக் காட்டுகிறது. கன்ட்ரோலோடு எஃப்5 அழுத்துங்கள்.

"நான் எழுதினதெல்லாம் காணோம்"

பிள்ளை அழும் நிலையில் வந்து நிற்கும். எதையும் தொடவேண்டாம் என்று முதலில் சொல்லுங்கள். பதற்றத்தில் அழுத்தும் அடுத்த பொத்தான்தான் உண்மையான இழப்பை உண்டாக்கும்.

சைட்ஸில் பதிப்பு வரலாறு இருக்கிறது. மூன்று புள்ளிப் பட்டியலில் அதைத் திறந்தால், யார் எப்போது மாற்றினார் என்று தேதிவாரியாகக் காட்டும்; பழைய நிலைக்குத் திரும்பலாம். ஆனால் திரும்புவது தளம் முழுக்கப் பொருந்தும். காலையில் இருந்த நிலைக்கு ஒரு மாணவிக்காகப் போனால், அதற்குப்பின் மற்ற இருபது பேர் செய்ததும் பின்னால் போய்விடும். அதனால் பழைய பதிப்பைத் திறந்து, தேவையான பத்தியை மட்டும் நகலெடுத்துக்கொண்டு, பதிப்பை மாற்றாமல் வெளியே வந்து ஒட்டுவது நல்லது. தளமே காணாமல் போயிருந்தால் டிரைவின் குப்பைத்தொட்டியைப் பாருங்கள், 30 நாள் வரை அங்கே இருக்கும்.

ஏன் காணாமல் போனது என்பதையும் பார்த்தாக வேண்டும். பெரும்பாலும் ஒரே கணக்கின் பாஸ்வேர்டை வகுப்பு முழுவதும் பகிர்ந்திருப்பார்கள். ஒரே நேரத்தில் பலர் திருத்துவதற்கு வசதியில்லாத கருவிகளில், கடைசியாகச் சேமித்தவருடையதுதான் நிற்கும், மற்றவை அழியும். வரலாற்றிலும் எல்லாம் ஒரே பெயரில் இருப்பதால் யாருடையது எது என்று பிரிக்க முடியாது. யாரோ வேண்டுமென்றே அழித்தார்கள் என்று பிள்ளைகளுக்குள் சண்டை மூளும். உண்மையில் யாருமே அழித்திருக்க மாட்டார்கள். ஒரு பாஸ்வேர்டை முப்பது பேருக்குக் கொடுக்காதீர்கள். அவரவர் கணக்கில் நுழைந்து பொதுத் தளத்தில் திருத்துபவராகச் சேரட்டும்.

அப்படிச் சேர்த்தாலும் சைட்ஸில் பக்கம் பக்கமாகத் திருத்தும் உரிமையைப் பிரிக்க முடியாது. தளத்தில் சேர்ந்தவர் எந்தப் பக்கத்தையும் தொடலாம். எனவே நான்கைந்து பேருக்கு ஒரு தளம் என்று பிரித்துவிடுங்கள். திருத்துபவர்கள் தாமே வெளியிடாமல், அனுமதிகளை மாற்றாமல், புது ஆட்களைச் சேர்க்காமல் தடுக்கும் ஒரு தேர்வு பகிர்வு அமைப்பில் இருக்கிறது. அதை இயக்கி வையுங்கள். பிள்ளைகள் எழுதட்டும், நீங்கள் மாற்றங்களை ஒப்பிட்டுப் பார்த்து வெளியிடுங்கள்.

நீளமான எழுத்து எதுவானாலும் முதலில் தனி ஆவணத்தில் எழுதிவிட்டுப் பிறகு பக்கத்தில் ஒட்டுவது என் வகுப்பில் விதி. மின்சாரம் போகும், இணையம் போகும். எழுத்து பத்திரமாக இருக்கும்.

"தமிழ் சரியா வரல"

இதைப் பிள்ளைகள் மூன்று விதமாகச் சொல்வார்கள். மூன்றுக்கும் மருந்து வேறு.

தமிழ் எழுத்தே இல்லாமல் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து குப்பையாகத் தெரிந்தால், மூல ஆவணம் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. அந்த எழுத்துருவில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்திருப்பார்கள்; கணினிக்குள்ளே இருப்பது ஆங்கில எழுத்துத்தான். வெப்சைட்டில் அந்த எழுத்துரு இல்லாததால் உள்ளே இருப்பது வெளியே தெரிகிறது. எழுத்துருவை மாற்றுவதால் பயனில்லை. யூனிகோடுக்கு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) மாற்றித் தரும் கருவி ஒன்றில் கொடுத்து மாற்றிவிட்டு ஒட்டுங்கள். மாற்றியபின் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், அங்கங்கே ஓரெழுத்து பிசகியிருக்கும்.

ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறி, காலும் புள்ளியும் தனியாகப் பறந்து கிடந்தால், அது பிடிஎஃப் கோப்பிலிருந்து நகலெடுத்தது. பிடிஎஃப் எழுத்துகளைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் வைத்திருக்கும். தமிழிலோ கொம்பு கண்ணுக்கு முன்னால் தெரிந்தாலும் யூனிகோடில் மெய்க்குப் பின்னால்தான் வரும். இதைத் திருத்திக்கொண்டிருப்பதைவிடப் பத்தியை மறுபடி அடிப்பது விரைவு. பிள்ளைகளுக்கு அது நல்ல தட்டச்சுப் பயிற்சியும்கூட. இங்கே இன்னொரு பிழையையும் கவனியுங்கள்: ஔகாரக் குறியின் பின்பகுதி "ள" போலவே இருப்பதால், கொம்பு போட்டுத் தனியாக "ள" அடித்துவிடுவார்கள். "பௌர்ணமி", "பெளர்ணமி" இரண்டும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்று, கணினிக்கு வேறு வேறு சொல். தேடினால் அகப்படாது, படித்துக்காட்டும் மென்பொருளும் தவறாகப் படிக்கும்.

மூன்றாவது, எழுத்து சரி, ஆனால் அழகில்லை. மேல் சுழியும் கீழ் வளைவும் வெட்டுப்படுகின்றன. கருவி தரும் வார்ப்புருக்கள் ஆங்கில எழுத்தின் உயரத்தை மனதில் வைத்து அமைத்தவை. தமிழுக்கு வரி இடைவெளி கூடுதலாக வேண்டும். ஒன்றரை மடங்கு வைத்தால் கண்ணுக்கு இதமாக இருக்கும். தேர்ந்த எழுத்துருவில் தமிழ் இல்லையென்றால் பிரவுசர் தனக்குத் தெரிந்த வேறொன்றை எடுத்துப் போடும். அதனால்தான் ஒவ்வொரு கணினியிலும் ஒவ்வொரு மாதிரி தெரிகிறது. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கட்டமரன், பவனம், மீரா இனிமை எல்லாம் கூகுள் எழுத்துரு நூலகத்தில் இலவசமாகக் கிடைப்பவை. பெயரிலேயே தமிழுக்கென்று இருக்கும் ஒன்றைத் தேர்ந்து வகுப்பு முழுவதும் அதையே வையுங்கள்.

முகவரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பக்கத்தின் பெயரைத் தமிழில் வைத்தால் சில கருவிகள் முகவரியையும் தமிழிலேயே அமைக்கும். நகலெடுத்து ஒட்டும்போது அது நீளமான சதவீதக் குறி வரிசையாக மாறும். யூனிகோடின் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகள்; ஒவ்வொரு பைட்டும் முகவரியில் மூன்று குறிகளாக விரியும். "தமிழ்" என்ற ஒரு சொல்லே 45 குறிகளாகிவிடும். பக்கத்தின் தலைப்பு தமிழில் இருக்கட்டும். முகவரிப் பாதையை மட்டும் சுருக்கமாக ஆங்கில எழுத்தில் தனியே கொடுங்கள்.

"படம் வரல", "படம் ஏறவே மாட்டேங்குது"

ஏறாத படம் பெரும்பாலும் ஐஃபோனில் எடுத்ததாக இருக்கும். 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் அந்தக் கைபேசிகள் ஹெச்இஐசி என்ற வடிவில் படத்தைச் சேமிக்கின்றன. பல கருவிகளும் பிரவுசர்களும் அதை ஏற்பதில்லை. கேமரா அமைப்பில் வடிவம் என்ற இடத்தில் "மோஸ்ட் கம்பேட்டிபிள்" என்று மாற்றினால் இனி எடுப்பவை ஜேபெக் ஆகும். எடுத்து முடித்தவற்றை மாற்றி ஏற்றுங்கள்.

ஏறுகிறது, ஆனால் ஊர்கிறது என்றால் அளவு காரணம். 12 மெகாபிக்சல் கேமரா எடுக்கும் படம் 4000க்கு 3000 புள்ளிகள், ஏறக்குறைய 4 எம்பி. முப்பது பிள்ளைகள் ஆளுக்கு ஐந்து படம் ஏற்றினால் 600 எம்பி, எல்லாம் ஒரே பீரியடில் ஒரே இணைப்பு வழியாக. பக்கத்தில் தெரிவதற்கு 1600 புள்ளி அகலம் தாராளம். அப்படிச் சுருக்கினால் பெரும்பாலும் சில நூறு கேபியில் அடங்கும். சுருக்குவதை ஒரு தனி வகுப்பாகவே வைத்துவிடலாம். படம் என்பது புள்ளிகளின் கட்டம் என்று பிள்ளைகளுக்கு அன்றைக்குத்தான் உண்மையில் புரியும்.

நேற்று தெரிந்த படம் இன்று உடைந்த சதுரமாக இருந்தால், வேறொருவர் தளத்திலிருக்கும் படத்தின் முகவரியை மட்டும் ஒட்டியிருப்பார்கள். அவர் அதை நீக்கிவிட்டார், அல்லது வெளித்தளங்களுக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டார். படங்களை, மற்றவர்களும் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கும் விக்கிமீடியா பொதுவகம் போன்ற இடங்களிலிருந்து இறக்கி, தளத்திலேயே ஏற்றி, எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் கீழே எழுதச் சொல்லுங்கள். தேடுபொறியில் கிடைத்தது என்பதாலேயே எடுத்துக்கொள்ள உரிமை வந்துவிடாது.

கிட்ஹப் பேஜஸ், நியோசிட்டீஸ் போன்ற இடங்களில் கையால் ஹெச்டிஎம்எல் (பக்கத்தை அமைக்கும் குறிமொழி) எழுதும் பெரிய வகுப்புகளுக்கு: கோப்பின் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பாருங்கள். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும், அந்தச் சேவையகங்கள் எடுத்துக்கொள்ளாது. ஆய்வகத்தில் தெரிந்த படம் இணையத்தில் தெரியாமல் போவதற்கு இதுதான் வழக்கமான காரணம். முகப்பே வரவில்லையென்றால், விண்டோஸ் கோப்பு நீட்டிப்பை மறைத்து வைத்திருப்பதால், இண்டெக்ஸ் கோப்பின் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் "டிஎக்ஸ்டி" ஒட்டிக்கொண்டிருக்கும்.

"வீடியோ ஓடல"

யூடியூபில் ஏற்றியதை "பிரைவேட்" என்று வைத்திருந்தால் ஓடாது. "அன்லிஸ்டட்" என்று மாற்றுங்கள். லிங்க் உள்ளவர்கள் பார்க்கலாம், தேடலில் வராது. வீட்டில் ஓடிப் பள்ளியில் ஓடவில்லையென்றால் மறுபடியும் வடிகட்டிதான்.

"ஃபோன்ல பாத்தா கலைஞ்சு கிடக்கு"

கணினித் திரையில் அருகருகே வைத்த கட்டங்கள் கைபேசியில் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். படம் ஒரு பக்கம், அதன் விளக்கம் மறுபக்கம் என்று தனித்தனியாக வைத்தால் வரிசை குலையும். இரண்டையும் ஒரே தொகுதிக்குள் வையுங்கள். நீளமான தமிழ்ச் சொல் தலைப்பில் இருந்தால் திரையைத் தாண்டும். தலைப்பின் எழுத்தளவைக் குறையுங்கள், முடிந்தால் சொல்லைப் பிரியுங்கள். திருத்தும் பலகையிலேயே கைபேசி முன்னோட்டம் இருக்கிறது. வெளியிடும் முன் ஒருமுறை பார்க்க வைத்தால் போதும்.

எந்தப் பிள்ளையும் புகார் சொல்லாத ஒரு கோளாறு

மேலே இருப்பவை எல்லாம் பிள்ளைகள் கையுயர்த்திச் சொல்பவை. இதை யாரும் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் எல்லாம் சரியாகவே ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்தில் பிள்ளையின் முழுப்பெயர், வகுப்பு, பள்ளியின் பெயர், சீருடையில் படம் எல்லாம் ஒன்றாக இருக்கும். நான் ஒருமுறை வகுப்புத் தளங்களைத் தனிப்பட்ட சாளரத்தில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தபோதுதான் இது தெரிந்தது. "என்னைப் பற்றி" பக்கத்தில் ஒரு மாணவி தன் வீட்டு முகவரியை அழகான எழுத்தில் எழுதியிருந்தாள். அவள் மேல் தவறில்லை. தன்னைப் பற்றி எழுதச் சொன்னது நான்.

அதற்குப்பின் தன்னைப் பற்றிய பக்கமே வைப்பதில்லை. ஒரு பறவை, ஒரு கணக்குப் புதிர், ஓர் அறிவியல் சோதனை என்று பொருளைப் பற்றி எழுதுகிறார்கள். எழுதியவர் பெயராக முதற்பெயர் மட்டும், அல்லது புனைபெயர். முகவரியையும் பாருங்கள்: விக்ஸின் இலவசத் தளங்களில் கணக்கின் பெயர் முகவரியின் முன்பகுதியாக அமையும். மின்னஞ்சலில் முழுப்பெயர் இருந்தால் அது அங்கேயும் வந்துவிடும். வெளியிடும் முன்பே மாற்றிவிட வேண்டும். கைபேசியில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை பதிந்திருக்கலாம். கேமராவின் இடப்பதிவை நிறுத்திவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். முகம் தெரியும் படத்துக்குப் பெற்றோரின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் போக வேண்டாம்.

"கூகுள்ல தேடினா என் சைட் வரலையே" என்று ஒரு பிள்ளை கேட்டால், வராமல் இருப்பதுதான் நமக்கு வேண்டும் என்று சொல்லிக் காரணத்தை விளக்குங்கள். சைட்ஸில் வெளியிடும்போது, தேடுபொறிகள் காட்ட வேண்டாம் என்று கேட்கும் ஒரு சிறு பெட்டி இருக்கிறது. அதில் குறியிடுங்கள்.

"போன வருஷம் செஞ்சது இப்ப இல்ல"

கணக்கு போனால் அதன் பெயரில் இருக்கும் தளமும் போகும். பள்ளியை விட்டுப் போன மாணவரின் கணக்கை நிர்வாகி நீக்கியிருப்பார். அதனால்தான் தளத்தை ஆசிரியர் பெயரில் திறந்து, பிள்ளைகளைத் திருத்துபவர்களாகச் சேர்க்கச் சொல்கிறேன். ஏற்கெனவே பிள்ளைகள் பெயரில் இருந்தால், கணக்குகள் மூடும் முன் உரிமையை உங்களுக்கு மாற்றச் சொல்லுங்கள்.

சேவையே மூடிவிட்டால் உரிமை யாரிடம் இருந்தும் பயனில்லை. 1994இல் தொடங்கி ஒரு தலைமுறைக்கு முதல் வெப்சைட்டைக் கொடுத்த ஜியோசிட்டீஸை யாகூ 1999இல் வாங்கியது, 2009இல் மூடியது. வகுப்புகளில் பரவலாகப் பயன்பட்ட விக்கிஸ்பேசஸ் 2018இல் மூடப்பட்டது. இலவசமாகக் கிடைப்பதன் இயல்பு இது. சைட்ஸில் இருப்பதைக் கூகுள் டேக்அவுட் வழியாக இறக்கிக்கொள்ளலாம். வேர்ட்பிரஸ்.காமில் ஏற்றுமதி வசதி இருக்கிறது. ஏற்றுமதி இல்லாத கருவியென்றால், ஒவ்வொரு பக்கத்தையும் அச்சிடும் கட்டளையில் பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். வடிவம் கொஞ்சம் குலைந்தாலும் எழுத்தும் படமும் மிஞ்சும். ஆண்டின் கடைசி வகுப்பை இதற்கே வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பிள்ளையும் தன் பக்கத்தை ஒரு பிடிஎஃப் ஆக்கி, தான் எழுதிய மூல ஆவணத்தோடும் படங்களோடும் ஒரே கோப்புறையில் போட்டு, வீட்டுக்கு எடுத்துப் போகிறது.